எந்தக் கடனை முதலில் அடைப்பது?

திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை. வாடகையும் வண்டித் தவணையும் பள்ளி வேன் காசும் மாதக் கணக்கு. குழுக் கடன் ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. தண்டல் தினமும். ஒரே வீட்டுச் சுவரில் நாலு காலண்டர் தொங்குகிற மாதிரி. ஒன்றரை ஷிஃப்ட் ஓடுகிறவரை இவை ஒன்றோடொன்று இடிப்பது தெரியாது. சனிக்கிழமை வருகிற கவர் எல்லாவற்றையும் மூடிவிடும்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியபோது, அந்த நாட்டு ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் முதலில் அடிபட்டது இரவு வேலை. காலையில் போய் சாயங்காலம் திரும்பினால் ஒரு ஷிஃப்ட். இரவு வரை ஓடினால் ஒன்றரை. ஆளை வீட்டுக்கு அனுப்பாமல் அந்த அரையை மட்டும் எடுத்தாலே போதும், குடும்பக் கணக்கு ஆட்டம் காணும்.

எங்கள் தெருவில் ஓவர்லாக் தைக்கிற தம்பி ஒருவர் வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். வட்டிக் கணக்கென்றால் தெருவில் என் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். கையில் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம். அதில் பால்பாயின்ட் பேனாவில் கடன் வரிசை. “எந்தச் செலவை நிறுத்தறதுன்னு சொல்லுங்கண்ணா” என்றார். டீ வந்தது. செலவு இருக்கட்டும், முதலில் வரவைப் பார்ப்போம் என்றேன்.

கணக்குக்கு வசதியாக ஷிஃப்டுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை ஓடினால் நாளைக்கு 900, ஆறு நாளைக்கு 5,400. ஒரு ஷிஃப்ட் மட்டும் என்றால் 3,600. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 5,400 வந்தபோது பாதி, அதாவது 2,700, தவணைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது என்றால், 3,600லிலும் அதே 2,700 போகிறது. மிச்சம் 900. வருமானம் மூன்றில் ஒன்று குறைந்தால் வீட்டுச் செலவுக்கு நிற்கிற பணம் மூன்றில் ஒன்றாகவே சுருங்கிவிடுகிறது. “கொஞ்சம்தானே குறைஞ்சிருக்கு, ஏன் இவ்வளவு இறுக்குது” என்று பலர் கேட்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. தவணை குறையாது. குறைகிற எல்லாமே அரிசி, பருப்பு, மருந்தின் பங்கிலிருந்துதான் குறைகிறது.

இதற்கு ஒரு சட்ட வரம்பும் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்குப் பிணையில்லாத குழுக் கடன் கொடுக்கும்போது, அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து விதி வைத்திருக்கிறது. நல்ல விதி. ஆனால் பார்ப்பது கடன் கொடுக்கிற நாளின் வருமானத்தை. ஷிஃப்ட் குறைந்த மறுவாரம் அதே பாதி முக்காலாகிவிடுகிறது, யாரும் விதியை மீறாமலேயே. என்னைக் கேட்டால், நாள்கூலி, பீஸ் ரேட் வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தவணை ஏறவே விடக்கூடாது.

சரி, அந்த 900 ரூபாயில் வாரம் ஓடாது. விழுந்த பள்ளத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் குடும்பம் தப்பிப்பதும் தத்தளிப்பதும் இருக்கிறது. தம்பியின் பட்டியலில் ஐந்து வரி: தண்டல், குழுக் கடன், வண்டிக் கடன், வங்கியில் மூணு பவுன், மளிகைக் கடை. தொகை பெரிதாக இருந்த நகைக் கடனைத்தான் மேலே எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தார். தண்டலைக் கடைசியில், சின்ன எழுத்தில்.

எல்லாவற்றையும் ஒரே படியில் அளந்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். நம் ஊரில் படி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம். ரெண்டு வட்டி 24 சதவீதம். ஐந்து வட்டி 60. வங்கி ஆண்டுக் கணக்கில் சொல்லும், பைனான்ஸ் மாதத் தவணையாகச் சொல்லும், தண்டல்காரர் வட்டி என்ற பேச்சையே எடுக்கமாட்டார். மூன்றையும் நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று திருப்பிவிட வேண்டும்.

தண்டலை எடுப்போம். பேருக்கு 10,000. முதல் நாளே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500. நாளைக்கு 100 வீதம் நூறு நாள். “பத்தாயிரத்துக்கு ஆயிரத்தைந்நூறு, நூறு நாளைக்கு. மாசத்துக்கு நாலு நாலரை வட்டி வருங்களா?” என்றார் தம்பி. அங்கேதான் கண்ணைக் கட்டுகிறது. வாங்கியது பத்தாயிரம் இல்லை, எட்டாயிரத்தைந்நூறு. அதுவும் நூறு நாளும் கையில் இருக்கவில்லை. மறுநாளிலிருந்தே நூறு நூறாகக் கரைகிறது. முதல் நாள் 8,500, கடைசி நாள் சைபர். சராசரியாகப் பார்த்தால் நூறு நாளும் உங்களிடம் இருந்தது சுமார் 4,250 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. நூற்றுக்கு 35 ரூபாய், மூன்றேகால் மாதத்துக்கு. ஆக, மாதம் பத்து வட்டி. நாள்வாரியாக நுணுக்கிப் போட்டாலும் அதையொட்டியே நிற்கும். ஆண்டுக்கு 120 சதவீதம்.

வீட்டுக்காரம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

இதைவிட மோசமானது திருப்பி வாங்குவது. அறுபது நாள் கட்டியாயிற்று, பாக்கி 4,000. கைச்செலவுக்குத் தட்டுப்பாடு. தண்டல்காரரே கனிவாகச் சொல்வார்: “பழசைக் கழிச்சுக்கிட்டுப் புதுசாப் பத்து போட்டுக்கலாமா?” புதுப் பத்தாயிரத்தில் 1,500 பிடித்தம், பழைய பாக்கி 4,000 கழிவு. கைக்கு வருவது 4,500. முன்பு கட்ட வேண்டியிருந்தது 4,000, இப்போது 10,000. நாலாயிரத்தைந்நூறு வாங்கி ஆறாயிரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம். இப்படி மூணு நாலு சுற்று போனால் அசல் எது, வட்டி எது என்று கடன் வாங்கியவருக்கே விளங்காது.

தமிழ்நாட்டில் 2003லேயே அதீத வட்டி வசூலுக்குத் தடைச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே அந்தச் சட்டம் அடையாளம் காட்டுகிறது. மிரட்டல் என்று வந்தால் போலீசுக்குப் போக வழி உண்டு. ஆனாலும் தண்டல் நிற்கவில்லை. காரணம் ரகசியமில்லை. காகிதம் கேட்பதில்லை, வாசலுக்கே வருகிறார், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இரவு பத்து மணிக்கும் காசு கிடைக்கும். அந்த வசதிக்குத்தான் பத்து வட்டி.

ஒரு டீ 15 ரூபாய் என்றால் நூறு நாளைக்கு 1,500. டீக்குடியை விடு, காசு மிஞ்சும் என்று அறிவுரை சொல்கிறவர்கள், முதல் நாளே பிடித்த அந்த ஆயிரத்தைந்நூறைப் பற்றி ஏனோ பேசுவதில்லை.

வண்டிக் கடன். 60,000, ரெண்டு வருடம், “ஒரு வட்டிதாங்க” என்று சொல்லிக் கொடுத்தது. ஆண்டுக்கு 12 சதவீதம், ரெண்டு வருடத்துக்கு 14,400. மொத்தம் 74,400ஐ 24ஆல் வகுத்தால் மாதம் 3,100. கணக்கு சரியாகத்தான் தெரியும். ஆனால் இருபதாவது மாதம் உங்களிடம் மிச்சமிருக்கிற அசல் சொற்பம். வட்டி மட்டும் முழு அறுபதாயிரத்துக்கும் போகிறது. ஃப்ளாட் ரேட் என்பது இதுதான். குறைந்துவரும் பாக்கிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 21.6 சதவீதம், மாதம் 1.80. தவணையில் அடைக்கிற கடனுக்கு ஃப்ளாட் ரேட் சொன்னால் அதை ஏறக்குறைய இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடத்தான் காட்டும், ஆனால் ஏமாற விடாது.

2024 அக்டோபர் 1 முதல் வங்கியோ பைனான்ஸ் நிறுவனமோ தனிநபருக்குக் கடன் கொடுக்கும் முன் முக்கிய விவரத் தாள் ஒன்று தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டி, பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பதை, ஏபிஆர் என்ற பேரில், அதில் போட்டிருக்க வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள். அந்தச் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் நம் ஊர் வட்டி வந்துவிடும்.

குழுக் கடன் இவர்கள் வாங்கியிருந்த இடத்தில் ரெண்டு வட்டி. அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழுகிற குழுவில், வட்டியைவிட அக்கம்பக்கத்து முகம்தான் முக்கியம். அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

“சீட்டு ஒண்ணு பாதியில இருக்குதுங்க, அதை எடுத்துரலாமா?” என்று அம்மிணி கேட்டார். பட்டியலில் இல்லாத வரி. இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. இதையும் அதே படியில் அளக்கலாம். மூன்றாம் மாதம் ஒருவர் 25,000 தள்ளி எடுக்கிறார் என்று வைப்போம்; கைக்கு 75,000. தள்ளிய 25,000ல் நடத்துகிறவர் கமிஷன் 5,000 போக 20,000ஐ இருபது பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். முதல் மூன்று மாதமும் நாலாயிரம் வீதம் அவர் கட்டியது 12,000. அப்படியானால் மற்றவர் பணமாக அவர் கைக்கு வந்தது 63,000. பிறகு போகப் போகக் கழிவு குறையும். சராசரி 4,500 வீதம் 17 மாதம் கட்டினால் 76,500. அந்த 63,000க்கு இது ரெண்டேகால் வட்டி. ஆரம்பத்தில் எடுப்பவர் கடன்காரர், கடைசியில் எடுப்பவர் சேமிப்புக்காரர். ஒரே சீட்டுக்குள் ரெண்டு ஆளும் உண்டு. பாதி தாண்டிய சீட்டை, பத்து வட்டியை ஒழிக்கவென்றால் தள்ளி எடுக்கலாம். வளைகாப்புச் செலவுக்கென்றால் கடைசிவரை விட்டுவிடுங்கள் என்றேன். பதிவு செய்த சீட்டுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் பிணை கட்ட வேண்டும். 5 சதவீதமாக இருந்த கமிஷன் உச்சவரம்பு 2019 திருத்தத்தில் 7 ஆனது. தெருவில் நோட்டுப் போட்டு நடத்துகிற சீட்டில் இந்தப் பிணை எதுவும் இல்லை.

இப்போது நகை. 90,000 கடன், ஆண்டுக்கு 9 சதவீதம். மாதம் 675 ரூபாய். நூற்றுக்கு 75 பைசா, முக்கால் வட்டி. மேலே எழுதி ரெண்டு கோடு போட்ட கடன், பட்டியலிலேயே மிக மலிவான வட்டிக் கடன்.

இதை ஏற்கத்தான் இருவருக்கும் மனம் வரவில்லை. அதில் வியப்பில்லை. கழுத்து வெறுமையாக இருப்பது ஊருக்குத் தெரியும். பத்து வட்டி கட்டுவது யாருக்கும் தெரியாது. அதனால் கையில் நாலு காசு சேர்ந்ததும் நகையை மீட்க ஓடுகிறோம், மீட்ட மறுமாதம் பள்ளிக் கட்டணத்துக்குத் தண்டல் வாங்குகிறோம். முக்கால் வட்டியை அடைக்கப் பத்து வட்டி. எங்கள் சங்கத்தில் இந்தப் போக்குவரத்தை வருடம் தவறாமல் பார்த்திருக்கிறேன். கடனை மானக்கேட்டின் வரிசையில் அடைப்பதை விட்டு, விலையின் வரிசையில் அடைக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நகைக்குக் கடைசி இடம்தான்.

இன்னொரு பக்கம், தேர்தல் வந்தால் தள்ளுபடி வரும் என்று வட்டிகூடக் கட்டாமல் போட்டு வைக்கிறவர்கள். 2021ல் கூட்டுறவில் ஐந்து பவுன் வரையிலான நகைக் கடன் தள்ளுபடியானது உண்மை. நிபந்தனைகளைப் போட்டுச் சலித்தபோது பலர் விடுபட்டதும் உண்மை. அதை நம்பி வீட்டுக் கணக்குப் போடாதீர்கள்.

செலவுப் பக்கம் நான் அதிகம் பேசவில்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. நல்ல காலத்தில் வாங்காமல் விட்டவர்கள் இப்போது வரிசையில் நிற்கலாம், வெட்கம் வேண்டியதில்லை. கரண்ட் பில்லில் மட்டும் ஒரு படிக்கட்டு இருக்கிறது. ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமில்லாமல், கீழே 101லிருந்து 200 வரை கிடைத்த சலுகையும் போய்விடும். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501க்கு 1,958. ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ரேட் அதன் பிறகு ஏறியிருக்கிறது. கணக்கெடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் முன்பு மீட்டரைப் பார்த்துக்கொள்வது, மாதம் முழுக்க ஃபேனை அணைத்துப் போட்டுக்கொண்டு வேர்ப்பதைவிடப் பலன் தரும்.

சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வருவோம். வாடகை 6,000 என்றால், ஒன்றாம் தேதி தேடாமல் சனிக்கிழமைதோறும் 1,500 எடுத்து வைத்துவிட வேண்டும். நாலு சனிக்கிழமையில் வாடகை ஆயிற்று. வருடத்தில் குறைந்தது நாலு மாதங்களில் ஐந்தாவது சனிக்கிழமை ஒன்று வரும். அந்த வாரத்து 1,500 யாருக்கும் கடன்பட்டதில்லை. நாலையும் சேர்த்தால் 6,000, ஒரு மாத வாடகை. மாதச் சம்பளக்காரர்களுக்கு இந்த வாய்ப்பு கிடையாது.

சேர்க்கிற பணத்தை எங்கே வைப்பது என்பதில் நான் பழைய ஆள். போஸ்ட் ஆபீஸ் ஆர்டி. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். 6.7 சதவீதத்தில் மாதம் 1,000 வீதம் ஐந்து வருடம் கட்டினால் 71,366 வரும். வட்டியைப் பார்த்து வாய் பிளக்க ஒன்றுமில்லை. ஒரு வருடம் ஒழுங்காகக் கட்டினால் இருப்பில் பாதி வரை அங்கேயே கடன் எடுக்கலாம், ஆர்டி வட்டிக்கு மேல் 2 சதவீதத்தில். அதாவது முக்கால் வட்டிக்குள், இரவோடு இரவாக இல்லாவிட்டாலும் ஓரிரு நாளில், யார் முகத்தையும் பார்க்காமல். தண்டல் முடிகிற நாளிலிருந்து அதே நூறு ரூபாயை இதற்காக எடுத்து வைக்கலாமே என்றேன். கொடுத்துப் பழகிய கைதானே.

“இப்பவே போனஸ்ல தண்டலை முடிச்சுட்டா?” என்றார் தம்பி. அதில் ஒரு சூது உண்டு. வட்டியை முதல் நாளே பிடித்துவிட்டார்; முன்கூட்டி அடைத்தால் திருப்பித் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள், தந்தால் அடையுங்கள். தரமாட்டார் என்றால் தினம் நூறாகவே போகட்டும். காசு மிச்சமாவது முன்னால் முடிப்பதில் இல்லை, அடுத்த சுற்று வாங்காமல் இருப்பதில்.

போனஸ் 15,000. அதை அப்படியே நகைக்குக் கட்டினால் மாதம் 112 ரூபாய் வட்டி குறையும், அவ்வளவுதான். கை காலி, அடுத்த காய்ச்சலுக்கு மறுபடி தண்டல். அதனால் நகையின் எட்டு மாத வட்டி பாக்கி 5,400ஐ மட்டும் கட்டச் சொன்னேன். மளிகைக் கடைக்கு 3,000. அங்கே வட்டியே இல்லை, ஆனால் அந்த நோட்டு மூடிவிட்டால் வேறு எந்த நோட்டும் திறக்காது. வாராவாரம் கொஞ்சமாவது கொடுத்து அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மீதி 6,600 அம்மிணியின் வங்கிக் கணக்கில். அதைத் தொடுவது தண்டலைத் திருப்பி வாங்கத் தோன்றுகிற வாரத்தில் மட்டும்.

“வருசம் முடிஞ்சா ஏலத்துல விட்டுருவாங்களாங்கண்ணா?” என்று அவர் கேட்டார். வட்டியைக் கட்டி, கெடு தேதிக்கு முன்னால் போய்த் திருப்பி வைத்தால் விடமாட்டார்கள். தங்கம் ஏறியிருப்பதால் அன்றைக்கு அதே மூணு பவுனுக்குக் கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள். பழைய தொகைக்கே போடச் சொல்லுங்கள் என்று சொல்லி, ரசீதை வாங்கிக் கெடு தேதியைப் பார்த்து, அதே பத்திரிகையின் முன்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.